ரெட்டிக் கவுண்ட் என்றால் என்ன? ரத்தப் பரிசோதனையின் அந்த ஒரு வரியும் சுப்பாராவின் வாழ்க்கையும்

சித்தூரிலோ திருப்பதியிலோ ஒரு பெரிய மருத்துவமனை லேபில் ரத்தம் கொடுத்துட்டு ரிப்போர்ட் வாங்கினீங்கன்னா, ஹீமோகுளோபின், வெள்ளையணு, பிளேட்லெட் எல்லாம் தாண்டி சில சமயம் கீழே ஒரு வரி இருக்கும். ரெட்டிகுலோசைட் கவுண்ட். பக்கத்துல 0.4 சதவீதம், 1.2 சதவீதம், 9 சதவீதம்னு ஏதோ ஒரு எண். நம்மில் பலர் அதைக் கண்டுக்கிறதே இல்லை. ஆனால் ரத்தசோகைக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டருக்கு அந்த வரி ரொம்ப முக்கியம். எலும்பு மஜ்ஜை புது ரத்தம் உண்டாக்குதா, இல்லையா என்பதை அந்த எண்தான் சொல்லும்.

இந்த எண்ணுக்கும் ஆந்திராவில் பிறந்து மெட்ராசில் டாக்டருக்குப் படித்த ஒருவருடைய வாழ்க்கைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அவர் பெயர் யெல்லபிரகட சுப்பாராவ். ஃபோலிக் ஆசிட் மாத்திரை அவருடைய ஆய்வகத்தில் இருந்து வந்தது. அந்த மாத்திரை வேலை செய்கிறது என்று உலகம் நம்பியதற்குக் காரணம், மாத்திரை சாப்பிட்ட சில நாட்களில் நோயாளிகளின் ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை சட்டென்று ஏறியதுதான்.

யார் இந்த சுப்பாராவ்?

1895 ஜனவரி 12ஆம் தேதி பீமவரத்தில் பிறந்தவர். அப்போ பீமவரம், சித்தூர், திருப்பதி மூணுமே மெட்ராஸ் மாகாணத்துக்குள்ள இருந்த ஊர்கள். மேல்படிப்பு என்றால் தெலுங்குப் பிள்ளைகளும் ரயிலேறி மெட்ராசுக்குத்தான் வரணும்.

சின்ன வயசுல படிப்புல நாட்டம் இல்லாத பையன். காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகலாம்னு வீட்டைவிட்டு ஓடிப்போனதும், அம்மா வெங்கம்மா அவரைப் பிடிச்சு இழுத்துட்டு வந்ததும் அவர் வாழ்க்கை வரலாற்றில் தவறாமல் வரும் கதை. மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை தோல்வி. மூன்றாவது முயற்சியில், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் இருந்து தேறினார். பிறகு பிரசிடென்சி கல்லூரி, அதற்குப் பிறகு மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்.

அங்கே ஒரு சிக்கல் வந்தது. காந்தியின் அந்நியப் பொருள் புறக்கணிப்பு அழைப்பைக் கேட்டு, ஆபரேஷன் தியேட்டரில் கதர் அங்கி போட்டுக்கிட்டு நின்றார் சுப்பாராவ். அறுவைசிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வில் நன்றாகச் செய்தும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதற்கு ஒரு படி கீழே இருந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். மாகாண மருத்துவப் பணியில் சேரும் முயற்சி பலிக்கவில்லை. கடைசியில் மெட்ராசில் டாக்டர் ஆச்சண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் விரிவுரையாளர் வேலை.

அந்தக் கல்லூரிக்கு அவர் போய்ச் சேர்ந்ததற்குப் பின்னால் ஒரு பெரிய துக்கம் இருக்கு. அவருடைய சகோதரர்கள் இரண்டு பேர், சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்து போனாங்க. காரணம் ட்ராபிகல் ஸ்ப்ரூ என்ற நோய். சுப்பாராவையும் அதே நோய் தாக்கியது. அலோபதியில் அப்போ அதற்கு மருந்து கிடையாது. லட்சுமிபதியின் ஆயுர்வேத சிகிச்சையில்தான் அவர் பிழைத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்கிறார்கள்.

ஸ்ப்ரூவுக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஸ்ப்ரூ ஒரு குடல் நோய். நம்மூர் வைத்தியத்தில் கிராணிக் கழிச்சல்னு சொல்வாங்களே, அதோடு நிறைய ஒத்துப்போகும். ஓயாத பேதி, நாக்கில் புண், உடம்பு உருகிப்போய் எலும்பும் தோலுமா ஆயிடும். சிறுகுடலின் உட்சுவர் பாழாகிப் போவதால், சாப்பிடுகிற சத்து உடம்பில் சேராது. அப்படிச் சேராமல் போகும் சத்துகளில் முக்கியமானது ஃபோலேட். கீரையிலும் ஈரலிலும் இருக்கும் பி வைட்டமின் அது. ஃபோலேட் இல்லையென்றால் செல்கள் புது டி.என்.ஏ. செய்ய முடியாமல் திணறும். வேகமாகப் பெருக வேண்டிய இடங்களில்தான் அடி முதலில் விழும். அதில் ஒன்று எலும்பு மஜ்ஜை.

மஜ்ஜைக்குள்ள ஒரு சிவப்பணு பிறக்கும்போது அதற்கு உட்கரு உண்டு. வளர வளர ஹீமோகுளோபினை நிரப்பிக்கிட்டு, கடைசியில் உட்கருவை வெளியே தள்ளிடும். அந்த நிலையிலும் அதுக்குள்ள கொஞ்சம் ஆர்.என்.ஏ. மிச்சம் இருக்கும். இப்படிப்பட்ட இளம் சிவப்பணுதான் ரெட்டிகுலோசைட். மஜ்ஜையில் மூணு நாள் போல இருந்துட்டு ரத்தத்துக்கு வரும். வந்து ஒரு நாளில் மிச்சமிருக்கும் ஆர்.என்.ஏ.வும் கரைந்து, முழுமையான சிவப்பணு ஆயிடும். அதற்குப் பிறகு சுமார் 120 நாள் ஆயுசு.

ஆக, ரத்தத்தில் இருக்கும் ரெட்டிகுலோசைட் என்பது நேற்று மஜ்ஜையை விட்டுக் கிளம்பின அணு. ஆரோக்கியமான பெரியவர்களிடம் நூறு சிவப்பணுவுக்கு ஒன்று, ஒன்றரை இருக்கும். லேபுக்கு லேப் கொஞ்சம் மாறினாலும் 0.5 முதல் 2.5 சதவீதம் வரை சாதாரணம் என்று வைக்கிறார்கள். ரத்தம் கசிந்து போனாலோ, அணுக்கள் உடைந்து போனாலோ, நல்லா இருக்கிற மஜ்ஜை வேகத்தைக் கூட்டும், எண் ஏறும். மூலப்பொருள் இல்லாமல் மஜ்ஜை முடங்கிக் கிடந்தால் எண் இறங்கியே இருக்கும். ஹீமோகுளோபின் குறைவு என்பது ரெண்டு இடத்திலும் ஒண்ணுதான். காரணம் எந்தப் பக்கம் என்று பிரித்துக் காட்டுவது இந்த எண்.

இதை முதலில் சாயம் போட்டுப் பார்த்தவர்களில் ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக் முக்கியமானவர், 1880களில். உயிரோடு இருக்கும் சிவப்பணுவின் மேல் நீலச் சாயம் விட்டால், உள்ளே இருக்கும் ஆர்.என்.ஏ. வலை மாதிரித் திரண்டு தெரியும். லத்தீனில் ரெட்டிகுலம் என்றால் சின்ன வலை, பேர் அங்கிருந்து வந்ததுதான்.

பாஸ்டனில் என்ன நடந்தது?

1922இல் சுப்பாராவ் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். பயணப் பணத்தில் ஒரு பகுதி காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்கம் நாயக்கர் அறக்கட்டளை உதவியில் வந்தது, இன்னொரு பகுதி மாமனார் திரட்டிக் கொடுத்தது. மனைவி சேஷகிரி அப்போ கர்ப்பிணி. பிறந்த ஆண் குழந்தை கைக்குழந்தையாவே இறந்து போச்சு. அப்பா அதன் முகத்தைப் பார்க்கவில்லை. சில வருஷத்தில் திரும்பி வரேன்னு போனவர், அதற்குப் பிறகு ஊர் திரும்பவே இல்லை. அவரைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் இதை ஒரு வரியில் கடந்து போயிடும். சேஷகிரியின் பக்கமிருந்து பார்த்தால் இது ஒரு வரியில் முடிகிற விஷயம் இல்லை.

ஹார்வர்டில் வெப்பமண்டல நோய்களுக்கான டிப்ளமோ படித்தார். அமெரிக்காவில் டாக்டராகப் பிராக்டிஸ் செய்ய அனுமதி இல்லாததால், மருத்துவமனையில் இரவு நேரத்தில் நோயாளிகளின் மலப்பாத்திரம் கழுவும் வேலை வரை செய்துதான் வயிற்றைக் கழுவினார். பிறகு உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கேவிடம் சேர்ந்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் அளவைக் கண்டுபிடிக்க 1925இல் இருவரும் வெளியிட்ட முறை, ஃபிஸ்கே சுப்பாராவ் முறை என்ற பெயரில் பல பத்து வருஷம் உலகம் முழுக்க லேப்களில் ஓடியது. தசைக்குச் சக்தி தரும் பாஸ்போகிரியேட்டினையும், பிறகு ஏ.டி.பி.யையும் கண்டதில் அவர் பங்கு பெரியது. 1930இல் பிஎச்.டி. வந்தது. ஆனால் ஹார்வர்டில் நிரந்தர இடம் வரவில்லை.

அதே காலத்தில், அதே ஊரில் இன்னொரு விஷயம் நடந்துக்கிட்டு இருந்தது. பெர்னிஷியஸ் அனீமியா என்று ஒரு ரத்தசோகை, வந்தால் மரணம்தான் என்ற நிலை. 1926இல் பாஸ்டன் டாக்டர்கள் ஜார்ஜ் மைனாட்டும் வில்லியம் மர்ஃபியும் நோயாளிகளுக்குத் தினமும் கால் கிலோ போல ஈரல் கொடுத்தால் பிழைக்கிறார்கள் என்று காட்டினார்கள். 1934இல் ஜார்ஜ் விப்பிளோடு சேர்த்து இவங்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஈரல் வேலை செய்யுதுன்னு எப்படித் தெரிஞ்சது? ஹீமோகுளோபின் ஏற வாரக்கணக்கில் ஆகும். அதுக்கு முன்னாடியே ஒரு தடயம் கிடைச்சது. ஈரல் கொடுத்த நாலாம் நாள், ஐந்தாம் நாளில் ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை குபீர்னு மேலே போகும், உச்சம் தொட்டு இறங்கும். மைனாட் இதையே அளவுகோலாக்கினார். அன்றைக்கு ஆய்வு உதவியாளர்கள் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, நீலப் புள்ளி தெரியும் அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணித் தினசரி வரைபடம் போட்டார்கள். அந்த ஏற்றம் இல்லையென்றால் மருந்து மருந்தே இல்லை.

ஈரலில் இருக்கும் அந்தப் பொருள் எது என்று பிரித்தெடுக்கக் கிளம்பியவர்களில் சுப்பாராவும் ஒருவர். இங்கே ஒரு பெரிய முட்டுக்கட்டை இருந்தது. எலிக்கோ கோழிக்கோ பெர்னிஷியஸ் அனீமியா வராது. ஆகவே ஈரலில் இருந்து பிரித்த ஒவ்வொரு கூறையும் ஒரு நிஜ நோயாளிக்குக் கொடுத்து, ரெட்டிகுலோசைட் ஏறுதா என்று பத்து நாள் எண்ணிப் பார்க்கணும். ஏறலைன்னா அந்த வடிகட்டல் வீண், திரும்பவும் முதலில் இருந்து. அதற்குள் அந்த நோயாளிக்கு வேலை செய்யும் ஈரலையும் கொடுத்தாகணும். 1926இல் ஈரல் வந்தும் பி12 என்ற பொருள் தனியே பிரிந்து வர 1948 வரை ஆனதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

அவர் விட்டுவந்த மெட்ராசில் யார் எண்ணிக்கொண்டிருந்தார்?

சுப்பாராவ் பாஸ்டனில் ஈரலோடு போராடிக்கொண்டிருந்தபோது, லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் இந்தியாவில் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். 1928இல் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலை வேலைக்குப் போகும் ஏழைக் கர்ப்பிணிகள் கடுமையான ரத்தசோகையில் இறந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைவு, அளவில் பெரிசு. பெர்னிஷியஸ் அனீமியா மாதிரியே இருந்தாலும் அது இல்லை.

குன்னூர் ஆய்வகத்திலும் அவர் வேலை பார்த்தார். 1931 வாக்கில் மெட்ராஸ் கோஷா ஆஸ்பத்திரியில் இருந்தார், இன்றைய கஸ்தூரிபா காந்தி அரசு மருத்துவமனை. அது இருப்பதும் திருவல்லிக்கேணிதான், சுப்பாராவ் மெட்ரிக் தேறிய அதே பேட்டை. ரொட்டியில் தடவிச் சாப்பிடும் மார்மைட் என்ற ஈஸ்ட் பசையைக் கொடுத்தால் இந்தப் பெண்கள் தேறுகிறார்கள் என்று வில்ஸ் கண்டார். சில நாளிலேயே ரெட்டிகுலோசைட் ஏறியது. ஈஸ்டில் இருந்த அந்தப் பெயர் தெரியாத பொருளுக்கு வில்ஸ் காரணி என்று பெயர் வந்தது. பின்னாளில் அது ஃபோலேட் என்று தெரிந்தது.

நம்ம ஊர்ப் பெண்களின் ரத்தத்தில் இருந்து தொடங்கிய இந்தக் கண்டுபிடிப்பு, தமிழில் மார்மைட் கதையாக மட்டும் சுருங்கிப் போனது எனக்கு ஒரு குறையாகவே படுகிறது.

ஃபோலிக் ஆசிட் எப்படி வந்தது?

1940இல் சுப்பாராவ் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற இடத்தில் இருந்த லெடர்லி ஆய்வகத்துக்குப் போனார். 1942இல் அங்கே ஆராய்ச்சி இயக்குநர். இதற்கிடையில் 1941இல் டெக்சாஸ் ஆராய்ச்சியாளர்கள் நாலு டன் பசலைக் கீரையில் இருந்து கொஞ்சூண்டு பொருளைப் பிரித்து அதற்கு ஃபோலிக் ஆசிட் என்று பெயர் வைத்திருந்தார்கள். இலை என்பதற்கான லத்தீன் சொல் அது. டன் கணக்கில் கீரை அரைத்து மருந்து கொடுக்க முடியுமா? வேதியியல் அமைப்பைக் கண்டுபிடித்து, செயற்கையாகச் செய்தால்தான் உண்டு. சுப்பாராவ் தலைமையிலான குழு அதைச் செய்தது. 1945இல் செய்தி வெளியானது.

உடனே அலபாமாவில் டாம் ஸ்பைஸ் என்ற டாக்டர் அதை ரத்தசோகை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அடுத்து கியூபா, போர்ட்டோ ரிக்கோ தீவுகளில் ட்ராபிகல் ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்தார். சில நாளில் ரெட்டிகுலோசைட் எகிறியது, பிறகு நாக்குப் புண் ஆறியது, பசி திரும்பியது, எடை கூடியது. மெட்ராஸ் மாகாணத்தில் அவருடைய சகோதரர்களைக் கொண்டுபோன நோய்க்கு, கால் நூற்றாண்டு கழித்து அவர் கையாலேயே மருந்து வந்திருந்தது. சுப்பாராவுக்கு நோபல் கிடைக்காததைப் பற்றித்தான் எல்லாரும் பேசுறாங்க. எனக்கென்னவோ இந்த விஷயம்தான் பெரிசாத் தெரியுது.

அந்த எண் ஏமாற்றியது எப்போது?

இங்கே கொஞ்சம் நிதானிக்கணும், ஏன்னா இது இன்றைக்கும் பொருந்தும். பெர்னிஷியஸ் அனீமியா நோயாளிகளுக்கும் ஃபோலிக் ஆசிட் கொடுத்தார்கள். ரெட்டிகுலோசைட் அழகாக ஏறியது, ரத்தமும் ஊறியது. ஆனா சில மாசத்தில் சிலருக்குக் கால் மரத்துப் போச்சு, நடை தள்ளாடியது. அவர்களுக்கு இல்லாமல் போனது பி12. ஃபோலிக் ஆசிட் மஜ்ஜையைத் தற்காலிகமாக ஓட வைக்கும், தண்டுவட நரம்புகளைக் காப்பாற்றாது. ரத்தம் சரியாகிவிட்டது என்று எண் சொல்லும்போதே நரம்பு உள்ளுக்குள்ள கெட்டுக்கொண்டிருக்கும்.

பி12 இயற்கையில் மாமிசம், முட்டை, பாலில் மட்டும்தான் போதுமான அளவு இருக்கு. சைவச் சாப்பாடு மட்டும் சாப்பிடுகிறவர்கள், வயதானவர்கள், வயிற்று அறுவைசிகிச்சை ஆனவர்கள் ரத்தசோகைக்கு வெறும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

இன்னொரு எதிர்ப்பக்கமும் வந்தது. பாஸ்டனில் குழந்தைகள் மருத்துவமனையின் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் ஆசிட் வகைப் பொருளைக் கொடுத்தபோது நோய் வேகமெடுத்ததைப் பார்த்தார். அப்படின்னா ஃபோலேட்டைத் தடுத்தா? அந்தக் கேள்விக்கு லெடர்லியில் இருந்து வந்த பதில் அமினோப்டெரின். 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையில், 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. அதன் தம்பி மருந்துதான் மெத்தோட்ரெக்ஸேட். முடக்குவாதத்துக்கு வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிட்டு, வேறு நாளில் ஃபோலிக் ஆசிட் சாப்பிடும் எத்தனையோ பேர் நம்ம வீடுகளில் இருக்காங்க. ரெண்டு மாத்திரையும் ஒரே ஆய்வகத்துப் பிள்ளைகள்.

யானைக்கால் நோய்க்குக் கொடுக்கும் ஹெட்ரஸானும், டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்தான ஆரியோமைசினும் அவர் இயக்குநராக இருந்த அதே சில வருஷங்களில் லெடர்லியில் இருந்து வந்தவை. ஆரியோமைசினை மண்ணில் இருந்து கண்டெடுத்தவர் பெஞ்சமின் டக்கர்.

1948 ஆகஸ்டில், தூக்கத்திலேயே மாரடைப்பு வந்து சுப்பாராவ் இறந்தார். வயது 53. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருக்கவில்லை. அவரும் தேடிக்கொண்டிருந்த பி12, அதே ஆண்டு வேறு இரண்டு நிறுவனங்களில் பிரித்தெடுக்கப்பட்டிருந்தது.

இப்போ எப்படி எண்ணுறாங்க?

சுப்பாராவ் காலத்து முறை இன்னும் பல சின்ன லேப்களில் இருக்கு. ரத்தத்தோடு நியூ மெத்திலீன் புளூ சாயத்தைக் கலந்து, கண்ணாடித் தகட்டில் தேய்த்து, ஆயிரம் சிவப்பணுக்களைப் பார்த்து அதில் நீல வலை தெரிவது எத்தனை என்று எண்ணணும்.

இதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறை உண்டு. ஒருத்தருக்கு உண்மையான அளவு 1 சதவீதம்னு வைங்க. ஆயிரத்தில் பத்து அணு கிடைக்கணும். ஆனா தகட்டில் எந்த ஆயிரம் கண்ணில் படுதோ அதைப் பொறுத்து, வெறும் தற்செயலாலேயே ஏழும் வரலாம், பதிமூணும் வரலாம். நாலோ பதினாறோ வந்தால்கூட ஆச்சரியம் இல்லை. அதாவது 0.4 என்றும் ரிப்போர்ட் வரலாம், 1.6 என்றும் வரலாம். எண்ணும் ஆளின் அலுப்பும் கண் வலியும் இதுக்கு மேல.

பெரிய மருத்துவமனை லேப்களில் இப்போ ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற முறையில் மெஷினே எண்ணிடும். ஊதா மூடி போட்ட டியூபில் இருந்து சில துளி ரத்தத்தை எடுத்து, ஆர்.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு ஒளிரும் சாயத்தைக் கலக்கும். திருமலையில் தரிசனத்துக்குக் கூட்டத்தைக் கம்பித் தடுப்புக்குள் விட்டு ஒற்றை வரிசையாக்குவாங்களே, அதே மாதிரி வேகமாக ஓடும் ஒரு திரவத்தின் நடுவில் ரத்தத்தை விட்டால், அணுக்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரும். குறுக்கே ஒரு லேசர் கதிர். ஒவ்வொரு அணுவும் கதிரைக் கடக்கும்போது ரெண்டு தகவல் கிடைக்கும். ஒளி சிதறும் விதம் அளவைச் சொல்லும். ஒளிரும் பிரகாசம், உள்ளே எவ்வளவு ஆர்.என்.ஏ. இருக்குன்னு சொல்லும். முதிர்ந்த சிவப்பணு ஒளிராது, ரெட்டிகுலோசைட் ஒளிரும்.

ஒரு நிமிஷத்துக்குள்ள 30,000 அணு வரை பார்த்துடும். 1 சதவீதம்னா 300 கிடைக்கும். தற்செயலால் அதில் வரக்கூடிய ஏற்ற இறக்கம் பதினேழு, பதினெட்டுதான். 1 சதவீதம் 0.9க்கும் 1.1க்கும் நடுவில் நிற்கும்.

எண்ணிக்கையைத் தாண்டி இன்னொன்றும் மெஷின் சொல்லும். பிரகாசத்தை வைத்து ரெட்டிகுலோசைட்டுகளை மங்கல், நடுத்தரம், அதிகம்னு மூணாகப் பிரிக்கும். அதிகம் ஒளிர்வது மஜ்ஜையில் இருந்து இப்போதான் அவசரமா வெளியே வந்த ரொம்ப இளசான அணு. இந்த இளசுகளின் பங்கைத் தனியா ஒரு வரியில் கொடுப்பாங்க, ஐ.ஆர்.எஃப். என்று. மருந்து பிடிக்க ஆரம்பித்ததும் மொத்த எண்ணிக்கை ஏறுவதற்கு முன்னாலேயே இது ஏறும். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையில், புது மஜ்ஜை ஊன்றிக்கொண்டதா என்று பார்க்க உதவும் சீக்கிரமான அறிகுறிகளில் இதுவும் ஒன்று. சித்தூர்க்காரர்கள் பெரிய வைத்தியத்துக்குப் போகும் வேலூர் சி.எம்.சி.யில் இந்த மாற்று சிகிச்சை 1986இல் இருந்து நடக்கிறது.

மெஷினை அப்படியே நம்பிடலாமா? கூடாது. சாயம் ஆர்.என்.ஏ.வோடு மட்டுமில்லை, டி.என்.ஏ.வோடும் ஒட்டும். மலேரியாக் கிருமி உள்ளே இருக்கும் சிவப்பணுவும் ஒளிரும், உட்கருவோடேயே ரத்தத்துக்கு வந்துவிட்ட மஜ்ஜை அணுவும் ஒளிரும், பெரிய பிளேட்லெட்டும் குழப்பும். மெஷின் சந்தேகக் கொடி காட்டினால், லேபில் யாராவது தகட்டை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தே ஆகணும்.

3 சதவீதம் நல்லதா கெட்டதா?

ரிப்போர்ட் வாங்குறவங்க அடிக்கடி தடுமாறும் இடம் இது. ஒருத்தருக்கு ஹீமோகுளோபின் 7, ஹீமட்டோகிரிட் 21, ரெட்டிகுலோசைட் 3 சதவீதம்னு வைங்க. 2.5க்கு மேல இருக்கே, மஜ்ஜை நல்லா வேலை செய்யுதுன்னு தோணும். ஆனா மொத்த சிவப்பணுவே பாதிக்கும் கீழே குறைஞ்சிருக்கும்போது, சதவீதம் சும்மாவே பெரிசாத் தெரியும். அதனால் சாதாரண ஹீமட்டோகிரிட்டான 45ஆல் சரிக்கட்டுவாங்க. 3ஐ 21ஆல் பெருக்கி 45ஆல் வகுத்தா 1.4. இவ்வளவு ரத்தசோகையில் இளம் அணுக்கள் சீக்கிரமே வெளியே வந்து ரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு நாள் இருக்கும், அதனால் இரண்டால் வகுக்கணும். மிச்சம் 0.7. இந்த மாதிரி நெருக்கடியில் இது 2க்கு மேல் இருக்கணும். ஆகவே இவரோட மஜ்ஜை தேவைக்கு ஏற்ப வேலை செய்யலை. நல்ல மெஷின்கள் சதவீதத்தோடு, ஒரு மைக்ரோலிட்டரில் மொத்தம் எத்தனை ரெட்டிகுலோசைட் என்றும் கொடுக்கும். பார்க்க வேண்டியது அதைத்தான்.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆந்திராவில் 58.8 சதவீதம். பெரும்பங்கு இரும்புச்சத்துக் குறைவுதான் என்றாலும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குத் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்போடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிடும் இருக்கு. லூசி வில்ஸ் எண்ணியதும் சுப்பாராவ் செய்ததும் அதுக்குள்ள ஒண்ணா இருக்கு.

ஸ்ப்ரூ என்ன ஆச்சு?

1960களில் சித்தூருக்கு அடுத்த வட ஆற்காடு மாவட்டத்துக் கிராமங்களில் ஸ்ப்ரூ கொள்ளைநோய் மாதிரிப் பரவியது. வேலூர் சி.எம்.சி.யின் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் கிராமம் கிராமமாகப் போய் அதைப் பதிவு செய்தார்கள். தென்னிந்திய ஸ்ப்ரூ பற்றி உலகத்துக்குத் தெரிந்ததில் கணிசமான பகுதி அந்த வேலையில் இருந்து வந்தது. இப்போ அந்த நோய் அரிது. வந்தால் கொடுக்கும் மருந்து ரெண்டு. ஃபோலிக் ஆசிட் ஒண்ணு, டெட்ராசைக்ளின் இன்னொண்ணு. முதலாவது சுப்பாராவின் குழு செய்தது, இரண்டாவதன் குடும்பத்தில் மூத்தது அவர் இயக்கிய ஆய்வகத்தில் பிறந்தது.

ஸ்ப்ரூவோ, கர்ப்பகால ரத்தசோகையோ, பி12 குறைவோ, மாத்திரையோ ஊசியோ ஆரம்பித்த மறுநாளே ஓடிப்போய் ரத்தம் கொடுத்தால் ஒண்ணும் தெரியாது. மூணு நாலு நாளில் ரெட்டிகுலோசைட் நகர ஆரம்பிக்கும், ஐந்தில் இருந்து எட்டாம் நாளுக்குள் உச்சத்தில் இருக்கும். அதனால்தான் டாக்டர் ஒரு வாரம் கழித்து வரச் சொல்கிறார். அப்போதும் எண் அசையவில்லை என்றால், நோய் வேறாக இருக்கலாம், அல்லது மருந்து உள்ளே சேரவில்லை.